ஏழு வருஷமாகத் தீராத கார் டியூ: பல்லடம் பக்கம் ஒரு குடும்பத்தின் கணக்கு

வாங்கிய கடன் 4,50,000 ரூபாய். ஏழு வருஷத்தில் கட்டியது, கம்பெனியே ஒப்புக்கொண்ட கணக்குப்படி, 5,73,820. இதற்கு அப்புறமும் 2025-ன் நடுவில் ஃபைனான்ஸ் கம்பெனி கேட்ட பாக்கி 4,60,000. பல்லடம் பக்கம் எட்டு தறி போட்டுக் கூலிக்கு நெய்யும் ஒரு வீட்டில் நடந்தது இது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரிகிற விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். லெட்ஜரைப் பிரித்துப் படித்தது என் வேலை, சட்டம் சம்பந்தமானதை திருப்பூர் வக்கீல் ஒருவர் பார்த்துக்கொண்டார்.

விஷயம் வெளியே வந்ததே மாமா மூலமாகத்தான். மாமா என்றால் அந்த வீட்டு அம்மாவின் அண்ணன், வெள்ளகோவில் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். டிராக்டர் லோனுக்கு பேங்க் போனவரை, வேறொரு கடனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டிருக்கிறீர்கள், அது வாராக்கடன் என்று சிபில் (ஒருவரின் கடன் வரலாற்று ரிப்போர்ட்) காட்டுகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி வீட்டுக்காக 2018-ல் போட்ட கையெழுத்து. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் விஷயம் எப்படியோ கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் காதுக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு முதலில் தோன்றியது எல்லாப் பிள்ளைகளுக்கும் தோன்றுவதுதான்: சம்பளத்தைக் காட்டி ஒரு பர்சனல் லோன் எடுத்து மொத்தத்தையும் கட்டி முடித்துவிடலாம். அப்ளிகேஷனும் போட்டாயிற்று. நான் சொன்னது ஒன்றே ஒன்று, ஸ்டேட்மெண்ட் கைக்கு வருகிற வரைக்கும் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம்.

சொல்லப்போனால் மகளுக்கு இந்தக் கடனில் சட்டப் பொறுப்பே கிடையாது. கையெழுத்துப் போட்டது அப்பாவும், ஜாமீனாக மாமாவும். ஜாமீன்தாரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு சொல்கிறது, அதனால் மாமாவை விட்டுவிட்டு எதையும் யோசிக்க முடியாது. ஆனால் மகளின் ஆபீஸ் நம்பருக்கு வசூல்காரர் போன் செய்வதற்கு எந்த அதிகாரமும் இல்லை. கடன் வாங்கியவரின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது, காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. இதை எழுத்தில் ஒரு முறை எடுத்துக் காட்டியதும் அந்த போன் நின்றது.

கடன் எப்படி வளர்ந்தது

2018-ல் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த நேரம். வாசலில் ஒரு கார் நின்றால் நல்லாயிருக்குமே என்று செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட், 2014 மாடல். (அந்தக் காரைப் பார்த்து எந்த மாப்பிள்ளை வீடும் மயங்கவில்லை, மகள் கல்யாணத்தை அப்புறம் தானே முடிவு செய்துகொண்டாள் என்பது தனிக்கதை.) 4,50,000 கடன், 8 சதவீதம் ஃபிளாட் வட்டி, மாதம் 10,500 வீதம் 60 டியூ. 8 சதவீதம் என்றதும் அப்பா, பேங்கை விடக் கம்மியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். ஃபிளாட் வட்டியில், நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரைக்கும் முழு 4,50,000-க்கும் வட்டி ஓடும். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது 14 சதவீதத்துக்கும் மேல். 2018 ஜூலை முதல் 2020 பிப்ரவரி வரை 20 டியூ, ஒன்று தவறாமல் 2,10,000 கட்டியிருக்கிறார். அதில் அசலுக்குப் போனது ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் சொச்சம்தான், பாக்கி அசல் இன்னும் 3,33,000-க்கு மேல் நின்றது.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு மாதம் டியூ கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதங்களுக்கு வட்டி உண்டு, ஆனால் வட்டிக்கு வட்டியோ அபராத வட்டியோ போடக்கூடாது என்று 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இவர்கள் லெட்ஜரில் அந்த ஆறு மாதத்துக்கும் தாமதக் கட்டணம் ஏறியிருக்கிறது. சலுகைக் காலக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசு கருணைத் தொகையாகக் கொடுத்ததே, 2020 பிப்ரவரி 29 வரை ஒழுங்காகக் கட்டிய இவர்களுக்கு அது வந்திருக்க வேண்டும். லெட்ஜரில் அந்த வரவே இல்லை. தொகை என்னவோ எழுநூறு ரூபாய்தான். ஆனால் அதையே வரவு வைக்காதவர்கள் மற்றதை எப்படி எழுதியிருப்பார்கள் என்று அந்த இடத்தில்தான் எனக்கு சந்தேகம் தட்டியது.

உண்மையான சிக்கல் 2021 ஜனவரியில். தறி இன்னும் சரியாக ஓடாத நேரம், டியூ சேர்ந்து போச்சு, கிளையில் கூப்பிட்டு, பழைய லோனை முடித்துப் புது லோனாகப் போட்டுக்கலாம், உங்களுக்கும் பாரம் குறையும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கையில் ஒரு பைசா வரவில்லை. பாக்கி அசல், பத்து மாத வட்டி, அதற்கு மேலே தாமதக் கட்டணம், டாக்குமெண்ட் சார்ஜ், இன்சூரன்ஸ் என்று 37,000 ரூபாய், எல்லாம் சேர்ந்து 4,10,000 புது அசல் ஆகிவிட்டது. 9 சதவீதம் ஃபிளாட், அதாவது உண்மையில் 16. மாதம் 11,620, 48 டியூ. பாரம் குறைக்கிறோம் என்று சொல்லிப் போட்ட லோனில் மாதத் தவணை ஆயிரத்துச் சொச்சம் கூடியிருக்கிறது, இதை வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை. இந்த ரீஃபைனான்ஸ் வேலை நம்ம ஊரில் கார், லாரி, போர்வெல் ரிக் என்று எல்லாவற்றிலும் நடக்கிறது. கிளையில் வாராக்கடன் கணக்கு ஒன்று குறையும், பார்ட்டிக்கு ஒரு மாதம் மூச்சு விடலாம், தாமதக் கட்டணமெல்லாம் சத்தமில்லாமல் அசலாக மாறிவிடும். என்னைக் கேட்டால் மொத்தக் கேஸிலும் விலை உயர்ந்த கையெழுத்து இதுதான்.

2021 டிசம்பர் வரை 11 டியூ ஒழுங்காகக் கட்டினார்கள். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள். சொந்தமாகப் பாவு நூல் வாங்கி நெய்கிறவர்கள் இல்லை இவர்கள், ஜவுளிக்காரர் கொடுக்கும் பாவை நெய்து கொடுத்து மீட்டருக்குக் கூலி வாங்குகிறவர்கள், தறி நின்றால் அன்றைக்கே வருமானமும் நிற்கும். அந்த வருஷம் டியூ தவற ஆரம்பித்தது, அதற்கப்புறம் முழு டியூ கட்டிய மாதமே இல்லை. வசூல்காரர் வருவார், ஐயாயிரம், ஆறாயிரம் என்று இருப்பதை வாங்கிப் போவார்.

காரை எங்கே என்று கேட்டேன். வெள்ளகோவிலில், மாமா தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) பின்னால், தார்ப்பாய் போட்டு மூடி நிற்கிறதாம். டியூ நின்ற வண்டியைப் பிடிக்கிற சீஸிங் பார்ட்டி தூக்கிவிடுவார்கள் என்று பயந்து 2023-லேயே அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். டயர் வெடித்து, பேட்டரி செத்து, வயரை எலி கடித்து வைத்திருந்தது. ஓட்டாத காருக்கு இரண்டு வருஷமாக வட்டி கட்டிக்கொண்டிருந்தது குடும்பம். பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் வண்டியை ஒளித்து வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. வண்டியின் விலை மாசாமாசம் இறங்கும், ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று கம்பெனி சொல்ல ஒரு காரணமும் கிடைக்கும். வண்டியை எடுக்கவும் ஒரு முறை இருக்கிறது. எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்பதற்கு முன் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு, எப்படி விற்பார்கள் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆளை விட்டு மிரட்டி வண்டியைப் பிடுங்குவதை 2007-ல் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே கண்டித்திருக்கிறது.

லெட்ஜர்

ஒப்பந்த நகல், தவணை அட்டவணை, முதல் நாளிலிருந்து முழு ஸ்டேட்மெண்ட், இன்சூரன்ஸ் நகல் ஆகியவற்றைக் கேட்டு அப்பா கையெழுத்தில் ஒரு கடிதம், பதிவுத் தபாலிலும் ஈமெயிலிலும் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போனது. கிளைக்கு நேரில் போவதில் அர்த்தமில்லை, போனால் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைக் கட்டிவிட்டுப் போங்கள் என்பார்கள், இவரும் கூச்சத்தில் கட்டிவிட்டு வந்துவிடுவார். இத்தனை வருஷமும் நடந்தது அதுதான்.

ஸ்டேட்மெண்ட் வந்ததும் முதலில் ஒப்பந்தப் பாக்கியைத் தனியாகப் பிரித்தோம். இரண்டாவது லோனில் மொத்தம் கட்ட வேண்டியது 5,57,760. டியூவாகக் கட்டியது 1,27,820, கைக்காசாக வசூல்காரரிடம் கொடுத்து வரவானது 2,36,000. ஆக மிச்சம் 1,93,940. கேட்டதோ 4,60,000. நடுவில் இருக்கிற 2,66,060 முழுக்க சார்ஜ்தான். மாதம் 3 சதவீதம் அபராத வட்டி, அதன்மேல் வட்டி என்று 1,71,000. செக் திரும்பியதற்கு 500-ம் ஜிஎஸ்டி 90-ம் சேர்த்து 590 வீதம், எழுபது முறைக்கு 41,300. அக்கவுண்ட்டில் காசில்லை என்று தெரிந்தும் ஒரே மாதத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள். அப்பா தனியாக இன்சூரன்ஸ் கட்டிய வருஷங்களிலும் கம்பெனி தன் பங்குக்கு எடுத்த இன்சூரன்ஸ் 23,760. ஆள் வந்து போன செலவு, வக்கீல் செலவு என்று 30,000.

வீட்டில் கட்டிய கைக்காசு எல்லாம் வரவில் இருக்கிறதா என்று பார்க்க ரசீதுகளைக் கேட்டேன். அம்மா ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கொட்டினார். பாதி ரசீதில் மை அழிந்து வெறும் வெள்ளைத்தாள். ஆனால் அந்தம்மாவிடம் பழைய மாதக் காலண்டர்கள் எல்லாம் இருந்தன, அரிசிக்கடை கொடுத்தவை, ஒன்றையும் தூக்கிப்போடவில்லை. பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, அதற்கிடையே பென்சிலில் ‘பைனான்ஸ் 6000’, ‘பைனான்ஸ் 4500, தம்பி வண்டில வந்தாப்ல’. ஒவ்வொன்றாக ஸ்டேட்மெண்ட்டோடு ஒப்பிட்டதில் மூன்று தொகை, மொத்தம் 18,500, கம்பெனிக் கணக்கில் ஏறவே இல்லை. நல்ல நேரம், அந்த மூன்றுக்கும் ரசீது நம்பர் படிக்கிற அளவுக்கு இருந்தது. “கட்டிக்கிட்டேதானுங் தம்பி இருக்கறோம், எப்புடிங்க இன்னும் நாலரை லட்சம்ங்கறாங்க?” என்று அந்தம்மா ரொம்ப நாளாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் இதற்குள் இருந்தது, உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

பேரம்

ஊரில் ஒருத்தர், மூணு வருஷம் ஆயிட்டா கடன் காலாவதிங்க, ஒண்ணும் கட்ட வேண்டியதில்லை என்று அப்பாவுக்கு யோசனை சொல்லியிருந்தார். 1963-ன் காலவரையறைச் சட்டத்தில் மூன்று வருஷம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள் ஒரு பகுதித் தொகை கட்டி அதற்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து மூன்று வருஷம் மறுபடி ஓடும், கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலும் அப்படியே. இவர் கடைசியாகக் காசு கொடுத்தே ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதோடு, கோர்ட்டுக்குப் போகிற காலம் முடிந்தாலும் ஆர்.சி.யில் ஹெச்.பி. பதிவு (வண்டி கடனுக்கு ஈடு என்ற குறிப்பு) அப்படியேதான் நிற்கும், காரை விற்க முடியாது. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

பீரோவில் பிரிக்காத கவர் ஒன்று இருந்தது. கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்க சென்னையில் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) ஒருவரை நியமிக்கப் போவதாக 2024-ல் வந்த நோட்டீஸ். இதைத்தான் நான் ரொம்ப பயந்தேன், ஏனென்றால் நடுவர் தீர்ப்பு வந்து கைக்குக் கிடைத்துவிட்டால் அதை எதிர்க்க மூன்று மாதம், மிஞ்சினால் இன்னும் முப்பது நாள், அவ்வளவுதான் நேரம். கம்பெனி தன்னிச்சையாக நடுவரை நியமிப்பதை ஒத்துக்கொள்ள முடியாது என்று, உச்ச நீதிமன்றத்தின் 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்பைக் காட்டி வக்கீல் எழுதினார். விசாரணை இன்னும் தொடங்கவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில் எங்களுக்கு இன்னொரு விதத்திலும் தேவைப்பட்டது, நடுவர் முன்னால் இருக்கிற வழக்கை, ரிசர்வ் வங்கியில் வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.

குறைதீர்ப்பு அதிகாரிக்கு அடுத்த கடிதத்தில் கணக்கை வரி வரியாக எழுதினோம். அபராதத் தொகைக்கு மேல் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ல் சொன்னது, பழைய கடன்களும் 2024 ஜூன் 30-க்குள் அந்த முறைக்கு வந்திருக்க வேண்டும், இவர்கள் லெட்ஜரில் 2025-லும் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய அபராத வட்டியை மொத்தமாக சட்டவிரோதம் என்று என்னால் சொல்ல முடியாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது, அது பேரத்தில்தான் விழுந்தாக வேண்டும். முப்பது நாள் உருப்படியான பதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் திட்டத்தில், அதற்கான சிஎம்எஸ் இணையதளத்தில் புகார் போட்டோம். கட்டணம் கிடையாது. வக்கீல் மூலமாகப் போட்டால் எடுக்க மாட்டார்கள், அதனால் அப்பா பெயரிலேயே மகள் தட்டச்சு செய்து போட்டாள். புகார் நம்பர் வந்த கொஞ்ச நாளில் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்தே போன், மரியாதையாக.

அவர்கள் முதலில் சொன்னது 3,20,000. அப்பா சரி என்று சொல்ல வாயைத் திறந்தார், “நீங்க சும்மா இருங்கப்பா” என்று மகள் போனை வாங்கிக்கொண்டாள். எங்கள் கணக்கு 1,93,940-ல் வரவு வைக்காத 18,500 போக 1,75,440. அதில் நின்றோம். செக் திரும்பிய சார்ஜை மட்டும் விட மாட்டோம் என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, காசில்லாமல் செக் திரும்பியது நிஜம்தானே. மாதத்துக்கு ஒன்று என்று 37 மாதத்துக்கு 21,830 ஒத்துக்கொண்டோம். 1,97,270.

காசு கட்டுவதற்கு முன் லெட்டர். கம்பெனித் தாளில் லோன் நம்பர், தொகை, கட்ட வேண்டிய கடைசித் தேதி, கட்டியபின் ஒரு ரூபாயும் பாக்கி இல்லை, ஜாமீன்தாரும் விடுவிக்கப்படுகிறார், நடுவர் நோட்டீஸ் கைவிடப்படுகிறது, கையெழுத்துப் போட்ட செக் லீஃபும் புரோநோட்டும் திருப்பித் தரப்படும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் லெட்டரில் ஜாமீன்தாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை, திருப்பி அனுப்பினோம். சிபிலில் ‘செட்டில்டு’ என்று போடாமல் ‘குளோஸ்டு’ என்று போட வேண்டும் என்பதில் மகள் பிடிவாதமாக இருந்தாள். செட்டில்டு என்றால் கடன் கொடுத்தவர் நஷ்டப்பட்டு விட்டுக்கொடுத்தார் என்று அர்த்தம், அடுத்த கடன் கேட்கும்போது அது குத்தும். இங்கே அசலும் வட்டியும் முழுசாகக் கட்டப்படுகிறது, கழிந்தது சார்ஜ் மட்டும், அதைக் கட்டணத் திருத்தம் என்று எழுதுங்கள் என்றதற்கு இழுபறிக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

மகளிடமிருந்து ஒரு லட்சம், மீதிக்கு அம்மாவின் நகை கூட்டுறவு சங்கத்தில். பர்சனல் லோன் எடுக்கவில்லை. பணம் பேங்க் மூலமாக லோன் அக்கவுண்ட்டுக்கே போனது, வசூல்காரர் நேரில் வந்து, நான் கட்டிவிடுகிறேன் கொடுங்கள் என்று கேட்டும் கொடுக்கவில்லை. கடன் தீர்ந்தால் 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் என்ற 2023 செப்டம்பர் சுற்றறிக்கையை ஞாபகப்படுத்தி ஒரு ஈமெயில் போட்டோம், கடன் பாக்கி இல்லை என்ற என்ஓசி வந்தது. படிவம் 35 போட்டு ஆர்டிஓ-வில் ஹெச்.பி. கேன்சல் ஆனது. காரை 1,40,000-க்குக் கொடுத்து நகையை மீட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார், அம்மா காதில் வாங்கவில்லை.

இதை எழுதும்போது பாக்கி இருப்பது மாமாவின் சிபில் மட்டும். அப்பா ரிப்போர்ட்டில் குளோஸ்டு என்று மாறிவிட்டது, ஜாமீன்தார் பெயரில் பழைய பாக்கி அப்படியே நிற்கிறது. திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. முப்பது நாளுக்குள் சரி செய்யவில்லையென்றால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், கம்பெனியோ சிபிலோ, தாமதித்தவர்கள் மாமாவுக்குக் கொடுக்க வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து அந்த விதி நடப்பில் இருக்கிறது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, காசெல்லாம் எதுக்குங்க, வைகாசிக்குள்ள டிராக்டர் வந்தாப் போதும் என்றார். நாங்கள் தேதியைக் குறித்து வைத்திருக்கிறோம்.